வானிலிருந்து காணும் வயல்கள்: கான்ஸாஸ் சமவெளியின் சதுரங்களும் வட்டங்களும்

ஒரு கிராமத்தின் நிலங்கள் மேலிருந்து பார்த்தால் எவ்வாறு தோன்றும் என்பதை அறிய ஆகாயத்தில் ஏற வேண்டிய அவசியம் முன்னாளில் எவருக்கும் ஏற்படவில்லை. சங்கிலியும் குறுக்குக்கோலும் கொண்டு தரையில் நடந்து அளந்தவர்கள் வரைந்து வைத்த கிராமப் படமும் புலப்படமும் அக்காட்சியையே காகிதத்தில் தந்தன. முன்னர்க் கர்ணத்திடமும் இப்பொழுது கிராம நிர்வாக அலுவலரிடமும் உள்ள அப்படத்தில் ஒவ்வொரு புலத்தின் கோணமும், வாய்க்காலின் வளைவும், எல்லைக் கல்லின் இடமும் தெளிவாக இருக்கும். ஆயினும் அது எல்லையைக் காட்டுமேயன்றி, எல்லைக்குள் நிற்கும் பயிரைக் காட்டாது. பயிரை அறிய வேண்டுமானால் அடங்கலைப் புரட்ட வேண்டும். அப்புலத்துக் கிணற்றில் ஜலம் சென்ற ஆண்டு எந்த மட்டத்தில் நின்றது, இவ்வாண்டு எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது படத்திலும் இல்லை, அடங்கலிலும் இல்லை.

எல்லையையும் பயிரையும் ஒருங்கே காட்டும் படம் வானிலிருந்து எடுக்கப்படுவது. பிரான்ஸ் தேசத்து நிழற்படக் கலைஞரான நாடார் என்பவர் 1858ஆம் ஆண்டில் பாரீஸ் நகருக்கு அருகே ஆகாயக் கூண்டில் ஏறி முதன்முதலாக அத்தகைய படத்தை எடுத்தார். (பெயர் நம் நாட்டு வழக்கை ஒத்திருப்பினும் அவர் பிரெஞ்சுக்காரரே.) அப்படம் இன்று எஞ்சவில்லை. நில அளவைக்கு இம்முறை உதவும் என்னும் எண்ணம் அவருக்கு அப்பொழுதே இருந்தது என்பது கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது. பின்னர் 1930ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், சாகுபடிப் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் குடியானவர்களுக்கு அமெரிக்க அரசாங்கம் பணம் கொடுத்து வந்த காலத்தில், சொன்னபடி பரப்பு குறைக்கப்பட்டதா என்று சரிபார்ப்பதற்காக ஆகாய விமானங்களிலிருந்து பண்ணைகளைப் படமெடுத்தார்கள். ஒவ்வொரு வயலாக நடந்து அளப்பதைக் காட்டிலும் அது விரைவாகவும் குறைந்த செலவிலும் முடிந்தது.

1972ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23ஆம் நாள் லாண்ட்ஸாட் வரிசையின் முதற் செயற்கைக் கோள் விண்ணில் செலுத்தப்பட்டது. 900 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பூமியைச் சுற்றிய அது, தரையை ஏறக்குறைய 80 மீட்டர் அகலமுள்ள புள்ளிகளாகப் பதிவு செய்தது. அவ்வரிசையில் இன்று சுற்றும் கோள்கள் 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 30 மீட்டர் புள்ளிகளாகப் பதிவு செய்கின்றன. 2008ஆம் ஆண்டு முதல் இப்படங்கள் எவருக்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே நிலத்தைத் திரும்பத் திரும்ப எடுத்த படங்கள் வரிசையாக இருப்பதே இவற்றின் பெருமதிப்பு. ஒரு நாளைய காட்சியை ஒரு படம் காட்டும். ஒரு குடும்பத்தின் இரு தலைமுறைச் சாகுபடியைப் படவரிசை காட்டும்.

படத்தைப் படிக்கும் முறை

வானிலிருந்து எடுத்த படத்தைப் படிக்கச் சிறிது பழக்கம் வேண்டும். ஆழமான தெளிந்த நீர் கருமையாகவும், வண்டல் கலந்த நீர் பழுப்பாகவும், உழுத நிலம் மண்ணின் நிறத்திற்கேற்பச் செம்மையாகவோ கருமையாகவோ, முற்றிய கதிர் பொன்னிறமாகவும் தோன்றும். பச்சிலை நம் கண்ணுக்குப் புலப்படாத ஒருவகை ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும் இயல்புடையது. அவ்வொளியைப் பதிவு செய்து, கண்ணுக்குத் தெரியும் பொருட்டுச் சிவப்பு நிறமாக அச்சிடுவது ஆராய்ச்சியாளர் வழக்கம். ஆகையால் சில படங்களில் வயல்கள் குருதிச் சிவப்பாக இருப்பதைக் கண்டு, பயிர் நோயுற்றதாக எண்ணிவிடலாகாது. நல்ல சிவப்பு நல்ல பயிரின் அடையாளமாகும்.

பசுமையெல்லாம் பயிர் என்று கொள்ளுவதும் தவறு. இராமநாதபுரம் பக்கத்தில் சித்திரை வைகாசி மாதங்களில் எடுத்த படத்தில் கண்மாயின் உட்புறம் பசேலென்று தோன்றுமானால், அது நெல்லாக இராது; பெரும்பாலும் சீமைக் கருவேலமாகவே இருக்கும். பயிர் பருவத்திற்குப் பருவம் நிறம் மாறும், முட்புதர் மாறாது. எனவே ஒரு படத்தைக் கொண்டு முடிவு கூறாமல், உழவுக் காலம், பயிர் நிற்கும் காலம், அறுவடைக்குப் பின் ஆகிய மூன்று வேளைப் படங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான முறையாம்.

இவ்வாறு படித்து அறியத்தக்க காட்சிகள் உலகில் பலவுள. பாலைவனத்தின் நடுவே பச்சை நாடா விரித்தாற்போன்ற நைல் நதிக் கரையும், மலைச்சரிவுகளில் படிப்படியாக அமைந்த பிலிப்பைன் தீவுகளின் நெல் வயல்களும், கடலை அணைகட்டித் தடுத்து மீட்ட ஹாலந்து தேசத்து நிலங்களும் அழகில் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல. ஆனால் நீரிறைத்துச் சாகுபடி செய்யும் நிலச்சுவான்தாருக்கு அவற்றினும் மிகுந்த பாடம் தருவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவே உள்ள கான்ஸாஸ் ராஜ்யத்தின் மேற்குப் பகுதியே. அங்குள்ள பின்னி மாவட்டத்தின் கார்டன் சிட்டி நகரைச் சுற்றிய நிலத்தை ஜூன் மாதக் கடைசியில் வானிலிருந்து நோக்கினால், சதுரக் கட்டங்களுக்குள் வட்ட வட்டமாகப் பல நூறு வயல்கள் அடுக்கி வைத்த தட்டுகளைப் போலத் தோன்றும். கரும்பச்சை வட்டங்கள் மக்காச்சோளம். வெளிர்பச்சையானவை இன்னும் உயரம் எட்டாத சோளம். பொன்னிற வட்டங்கள் அறுவடைக்கு நிற்கும் கோதுமை. பழுப்பு வட்டங்கள் அறுத்து உழுதவையும் தரிசாக விடப்பட்டவையும் ஆகும்.

சதுரம் வந்த வகை

நம் நாட்டு நஞ்சைகளின் வரப்புகள் நீர் இறங்கும் போக்கையொட்டி வளைந்து செல்லும். மடையிலிருந்து பாயும் தண்ணீர் ஒரு வயல் நிறைந்து அடுத்த வயலுக்கு வழியுமாறு தலைமுறை தலைமுறையாக மண்வெட்டியால் அமைத்த வடிவம் அது. கான்ஸாஸின் சதுரங்கள் அப்படித் தோன்றியவையல்ல. 1785ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய நில ஏற்பாட்டின்படி, குடியேறாத நிலம் முழுவதும் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் கோடிட்டுப் பிரிக்கப்பட்டது. ஆறு மைல் சதுரம் ஒரு வட்டகை; அதற்குள் ஒரு மைல் சதுரமான 36 பிரிவுகள்; ஒரு பிரிவுக்கு 640 ஏக்கர்; அதில் நாலில் ஒன்று 160 ஏக்கர். 1862ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்தாண்டுகள் குடியிருந்து சாகுபடி செய்பவருக்கு இந்த 160 ஏக்கரை அநேகமாக இனாமாகவே அளித்தது. பிரிவுகளின் எல்லைகளிலேயே சாலைகளும் போடப்பட்டமையால், இன்றும் மேலிருந்து பார்ப்பவருக்கு மைலுக்கு ஒரு கோடு தெரிகிறது.

பூமி உருண்டையாதலால், வடக்கு நோக்கிச் செல்லும் கோடுகள் போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். ஆகவே சதுரங்கள் சரியாகப் பொருந்துவதில்லை. அக்குறையைச் சரிசெய்யும் பொருட்டுச் சில பல மைல்களுக்கு ஒருமுறை கோட்டைச் சிறிது தள்ளிப் புதிதாகத் தொடங்கினார்கள். அவ்விடங்களில் நேராகச் செல்லும் சாலை திடீரென்று ஒரு முடக்கு முடங்கி மீண்டும் நேராகப் போவதை வானிலிருந்து நன்றாகக் காணலாம். அளவைக்காரரின் சங்கடம் சாலையிலேயே எழுதிவைக்கப்பட்டிருப்பது விந்தையே.

சதுரம் கணக்கு எழுதுவதற்கு எளிது. பத்திரத்தில் குறிப்பதற்கும் எளிது. ஆனால் மண் எங்கே நல்லது, மழை எவ்வளவு, ஓடை எப்பக்கம் ஓடுகிறது என்பவற்றை அது கேட்பதில்லை. மேற்குக் கான்ஸாஸின் ஆண்டு மழை 20 அங்குலத்தை எட்டுவதே அரிது. அங்கே 160 ஏக்கர் பெற்றவர், மழை மிகுந்த கிழக்குப் பகுதியில் 160 ஏக்கர் பெற்றவரைப் போலவே ஏர்பூட்டினார். முதல் உலக யுத்தத்தில் கோதுமை விலை ஏறவே, வேர்பின்னி மண்ணைக் காத்து நின்ற புல்வெளிகள் ஏராளமாக உழப்பட்டன. 1930ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தபோது, மண் காற்றோடு போயிற்று. 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் எழுந்த புழுதிப் புயல் பகலை இரவாக்கியது. அந்நாளை இன்றும் ‘கருப்பு ஞாயிறு’ என்று அந்நாட்டார் கூறுவர். அதே மாதத்தில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சமவுயரக் கோட்டில் உழுவதும், பயிரும் தரிசும் மாறி மாறிப் பட்டைகளாக விடுவதும் பரவின. 1934 முதல் 1942 வரையில் காற்றைத் தடுக்க ஏறக்குறைய 22 கோடி மரங்கள் 18,600 மைல் நீளத்திற்கு வரிசைகளாக நடப்பட்டன. இம்மர வரிசைகளில் எஞ்சியவை சதுரங்களின் ஓரத்தில் கரிய தையல்போல இன்றும் சில படங்களில் தெரியும்.

வட்டத்தின் இயந்திரம்

சதுர நிலத்தில் வட்டப் பயிரை வரைந்தது ஒரே ஓர் இயந்திரம். கொலராடோ ராஜ்யத்தில் சாகுபடி செய்துவந்த பிராங்க் ஸைபாக் என்பவர் அதை உருவாக்கி 1952ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 160 ஏக்கர்ச் சதுரத்தின் நடுவே ஒரு முளை. ஆழ்கிணற்று நீர் அங்கே மேலேறும். அம்முளையிலிருந்து கால் மைல் நீளமுள்ள குழாய் ஒன்று, உருளைகளின்மேல் நிற்கும் பல கோபுரங்கள் தாங்க, வயலின் ஓரம் வரை நீண்டிருக்கும். கடிகார முள்ளைப்போல இக்குழாய் முளையைச் சுற்றி மெல்ல நகர்ந்துகொண்டே நீரைத் தெளிக்கும். ஸைபாக்கின் முதல் இயந்திரங்கள் குழாய்நீரின் அழுத்தத்தைக் கொண்டே நகர்ந்தன. பின்னர் ஒவ்வொரு கோபுரத்திற்கும் மின்சார மோட்டார் பொருத்தப்பட்டது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒரு சுற்றில் விழும் நீரின் அளவை மாற்றலாம்.

இவ்வியந்திரத்தின் கணக்கு ஆராய்ந்து பார்க்கத்தக்கது. கால் மைல் என்பது 1,320 அடி. குழாயின் நுனி ஒரு சுற்றில் செல்லும் தூரம் ஏறக்குறைய 8,300 அடி, அதாவது ஒன்றரை மைலுக்கு மேல். குழாயின் நடுப்பகுதி செல்லுவது அதில் பாதியே. முளைக்கும் நடுவிடத்திற்கும் இடைப்பட்ட பாதிக் குழாய் வட்டத்தின் கால் பங்கு நிலத்தையே நனைக்கிறது. எஞ்சிய முக்கால் பங்கையும் வெளிப் பாதியே நனைக்க வேண்டும். ஆகையால் தெளிப்பு வாய்கள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் முளையருகே பயிர் அழுகும். ஓரத்தில் பயிர் வாடும். முளையருகே சிறிய வாயும், போகப்போகப் பெரிய வாயும் அமைப்பது இதனால்தான். இனி, சதுரத்திற்குள் அடங்கும் வட்டத்தின் பரப்பு 160 ஏக்கரில் ஏறக்குறைய 126 ஏக்கர். நான்கு மூலைகளிலும் சேர்ந்து 34 ஏக்கர் நனையாமல் நின்றுவிடுகிறது. அம்மூலைகளைச் சிலர் மானாவாரிக் கோதுமைக்கும், சிலர் புல்லுக்கும் விடுவர். நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாசனமின்றி விடுவதை நம் மிராசுதாரர் ஒருவர் கேட்டால் சிரிப்பார். அங்கே நிலம் மலிவு, ஆள் அருமை. வாய்க்கால் வெட்டாமலும், நிலத்தைச் சமன் செய்யாமலும், ஒரே ஆள் பல வட்டங்களைக் கவனித்துக்கொள்ள முடியும் என்பதே இயந்திரத்தின் வெற்றிக்குக் காரணம். தென்மேற்குக் கான்ஸாஸின் ஹியூகோட்டன் நிலவாயு வயலிலிருந்து இறைப்பு எஞ்சின்களுக்கு மலிவாக எரிபொருள் கிடைத்ததும் அதற்குத் துணையாயிற்று.

வானிலிருந்து பார்க்கும்போது ஒரு வட்டத்தின் அகலம் அரை மைல், அதாவது ஏறக்குறைய 800 மீட்டர். முதல் லாண்ட்ஸாட் கோளின் படத்திலேயே அது பத்துப் புள்ளி அகலத்திற்குத் தெளிவாகப் பதிந்தது.

அடியிலுள்ள நீர்

இவ்வட்டங்கள் ஆற்றுநீரால் வளர்பவையல்ல. கார்டன் சிட்டியை ஒட்டிச் செல்லும் ஆர்கன்சாஸ் ஆறு படத்தில் ஒரு நீண்ட மணற்கோடாகவே பெரும்பாலும் தோன்றும். மேற்கே கொலராடோவில் நீர் திருப்பப்படுவதாலும், கரையோர நிலத்தடி ஜலம் தாழ்ந்துவிட்டதாலும் ஆண்டில் பல மாதங்கள் அங்கே ஓட்டமில்லை. வட்டங்களுக்கு நீர் தருவது ஒகல்லாலா என்னும் நிலத்தடி நீரடுக்கு. பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் மேற்கேயுள்ள ராக்கி மலைகளிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டுவந்த கூழாங்கல்லும் மணலும் சமவெளியில் படிந்தன. அக்கற்களின் இடுக்குகளில் தங்கிய நீரே இது. ஒகல்லாலாவையே பெரும்பகுதியாகக் கொண்ட இந்நீர்ப்படுகை எட்டு ராஜ்யங்களின் அடியில், ஏறக்குறைய 1,74,000 சதுர மைல் பரப்பில் கிடக்கிறது.

நிலத்தடியில் பெரிய ஏரி ஒன்று இருப்பதாகவும், எத்தனை குழாய் இறக்கினாலும் அது வற்றாது எனவும் முதலில் எண்ணினோர் பலர். ஏரிக்கு வரத்துக் கால்வாய் உண்டு. மழை பெய்தால் ஓராண்டில் நிறையும். கான்ஸாஸின் மேற்கில் மழைநீர் அவ்வடுக்கில் இறங்குவது ஆண்டுக்கு ஓர் அங்குலத்திற்கும் குறைவு. இறைக்கப்படுவதோ ஏக்கருக்குப் பல அங்குலம். அமெரிக்க நில ஆராய்ச்சி இலாகாவின் கணக்குப்படி, பெருவாரியான இறைப்புத் தொடங்குவதற்கு முன்னிருந்த நிலையிலிருந்து 2015ஆம் ஆண்டு வரையில் இந்நீர்ப்படுகை இழந்தது 27 கோடியே 30 லட்சம் ஏக்கர்-அடி நீர். ஒரு ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 3 கோடியே 21 லட்சம் ஏக்கர். மலையும் காடும் ஊரும் உட்பட இம்முழுப் பரப்பிலும் எட்டரை அடி உயரம் நீரை நிறுத்தினால் எவ்வளவாகுமோ, அவ்வளவு நீர் அங்கே குறைந்திருக்கிறது.

இதே கணக்கைச் சராசரியாகப் பார்த்தால், நீர்மட்டம் தாழ்ந்தது ஏறக்குறைய 16 அடியே. பதினாறு அடி என்றால் எவரும் அஞ்சமாட்டார். ஆனால் சராசரி இங்கே பெரிய ஏமாற்று. வடக்கே நெப்ராஸ்கா ராஜ்யத்தில் புல் மூடிய மணற்குன்றுகள் ஏறக்குறைய 19,000 சதுர மைல் பரந்துள்ளன. வானிலிருந்து அலையலையாகத் தோன்றும் அம்மேடுகளுக்கிடையே சிறு ஏரிகள் கண்ணாடித் துண்டுகளைப் போல மின்னும். பெய்யும் மழையை அம்மணல் உறிஞ்சி அடியில் இறக்கிவிடுகிறது. ஆகையால் அங்கே நீர்மட்டம் பெரிதும் தாழவில்லை. பிளாட் ஆற்றின் பாசனக் கால்வாய்களையொட்டிய சில இடங்களில் கால்வாய்க் கசிவினால் உயர்ந்தும் இருக்கிறது. படுகையிலுள்ள மொத்த நீரில் மூன்றில் இரண்டு பங்கு நெப்ராஸ்காவின் அடியில்தான் உள்ளது. தெற்கே டெக்ஸாஸிலோ 150 அடிக்கு மேல் தாழ்ந்த இடங்கள் உண்டு. மேற்குக் கான்ஸாஸிலும் பல கிணறுகள் பாசனத்திற்கு உதவாமற் போயின. வடக்கே நின்ற நீரையும் தெற்கே போன நீரையும் கூட்டி வகுத்த சராசரி, கிணறு வற்றிய குடியானவருக்கு ஒரு குவளை நீரும் தராது.

இந்தக் குறைவு படத்தில் எவ்வாறு தெரியும்? கிணற்றின் ஊற்று தளர்ந்தால், முழு வட்டத்தையும் ஒரே பருவத்தில் நனைக்க முடியாது. அப்பொழுது பாதி வட்டத்தில் மக்காச்சோளமும் மறுபாதியில் நீர் குறைவாக வேண்டும் கோதுமையோ சோளமோ வைப்பார்கள். மேலிருந்து பார்த்தால் பச்சையும் பொன்னிறமுமாக இருகூறாகப் பிளந்த தட்டுப்போல இருக்கும். இன்னும் தளர்ந்தால் கால் வட்டம் மட்டும் பசுமையாக நிற்கும். முடிவில் வட்டமே மறைந்து, பழைய சதுரம் மானாவாரி நிலமாக மீண்டும் வெளிப்படும். எனினும் பல ஆண்டுகள் வரை உருளைகளின் தடமும், வட்டத்திற்குள்ளும் புறத்தும் மண்ணின் நிற வேறுபாடும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

தெளிப்பு முறையைத் திருத்தினால் நீர் மிச்சமாகும் என்பது எல்லோரும் எதிர்பார்த்தது. முதலில் குழாயின் மேலே அமைந்த வாய்கள் நீரை உயரமாக வீசின. வெயிலும் காற்றும் ஒரு பங்கைக் கொண்டுபோயின. பிறகு குழாயிலிருந்து பயிரின் அருகு வரை தொங்கும் இரப்பர்க் குழாய்களில் குறைந்த அழுத்தத்தில் நீர்விடும் முறை பரவிற்று. இதனால் வீண் குறைந்தது மெய்யே. ஆனால் கான்ஸாஸில் இம்மாற்றத்தைப் பற்றிச் செய்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, புதிய வாய்களுக்கு மாறியவர்கள் மொத்தத்தில் முன்னிலும் மிகுதியாகவே இறைத்தார்கள் என்று கண்டது. மிச்சமான நீரை அடியில் விட்டுவைக்காமல், நீர் அதிகம் வேண்டும் பயிருக்கு மாறியும், பாசனப் பரப்பைக் கூட்டியும் செலவழித்தார்கள். கருவி சிக்கனமானது, கருவியை உடையவர் அளவு குறிக்காவிடில், அச்சிக்கனம் நிலத்தடி ஜலத்திற்குப் போய்ச் சேருவதில்லை. நம் நாட்டில் சொட்டு நீர்க் கருவிகளை வாங்கி அமைக்கும் அன்பர்களும் இதைத் தம் கிணற்றில் அளந்து பார்ப்பது தகும்.

காணாத நீரை நிறுத்த வகை

ஒளிகொண்டு எடுக்கும் படம் தரையின் மேலுள்ளதையே காட்டும். தரைக்கு அடியிலுள்ள நீரை நிறுத்துப் பார்க்கவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2002ஆம் ஆண்டு முதல் 2017 வரையில் கிரேஸ் என்னும் பெயருள்ள இரண்டு கோள்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஏறக்குறைய 220 கிலோமீட்டர் இடைவெளியில் பூமியைச் சுற்றின. கீழே கனமான நிலப்பகுதி வரும்போது அதன் ஈர்ப்பு முன் செல்லும் கோளைச் சிறிது இழுக்கும். இடைவெளி மயிரிழையிலும் குறைந்த அளவுக்கு மாறும். அம்மாற்றத்தைத் துல்லியமாக அளந்து, ஒரு பிரதேசம் மாதத்திற்கு மாதம் கனத்ததா இளைத்ததா என்று கணக்கிட்டார்கள். நிலம் இளைப்பதற்கு மழையும் பனியும் மேற்பரப்பு ஈரமும் காரணமல்லவென்று தள்ளியபின் எஞ்சுவது நிலத்தடி ஜலத்தின் குறைவே. 2018ஆம் ஆண்டில் இவற்றைப் போன்ற வேறிரண்டு கோள்கள் இப்பணியைத் தொடர அனுப்பப்பட்டன.

இக்கோள்கள் இந்தியாவையும் விடவில்லை. 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரையில் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானாப் பகுதிகளின் நிலத்தடியிலிருந்து 109 கன கிலோமீட்டர் நீர் குறைந்ததாக 2009ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அக்கணக்கில் இது நிறைந்த மேட்டூர் நாற்பத்தொன்றுக்குச் சமம். அக்காலத்தில் அங்கே மழை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஷெரிடன் மாவட்டத்தார் செய்தது

மீண்டும் கான்ஸாஸுக்கு வருவோம். அந்த ராஜ்யத்தில் நீருரிமை 1945ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பொறுத்தது. முந்தி உரிமை பெற்றவருக்கு முந்தி நீர் என்பது அதன் சாரம். குறைவு நேர்ந்தால் பிந்தி வந்தவரின் கிணறு முழுவதும் நிறுத்தப்படலாம். முந்தியவருக்கு ஒரு துளியும் குறையாது. அண்டை அயலார் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டில் வேறொரு வழி சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒரு வட்டாரத்தின் குடியானவர்கள் தாமே கூடித் திட்டம் வகுத்துக் கேட்டால், விசாரணைக்குப் பின் ராஜ்யத்தின் தலைமைப் பொறியாளர் அதை உத்தரவாக்கலாம். உத்தரவானபின் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

இவ்வழியை முதலில் கைக்கொண்டது வடமேற்கில் பெரும்பாலும் ஷெரிடன் மாவட்டத்தில் அமைந்த 99 சதுர மைல் வட்டாரம். அங்கே நீர்மட்டம் விரைவாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. பலமுறை கூடிப் பேசியபின், இறைப்பை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதென்று நிலத்தார் ஒப்புக்கொண்டனர். 2013 முதல் ஐந்தாண்டுகளுக்குப் பாசன நிலத்தில் ஏக்கருக்கு 55 அங்குலம் என்பது அளவு. ஆண்டுக்குப் பதினொன்று என்று கட்டாமல், ஐந்தாண்டுக்கு மொத்தமாக ஐம்பத்தைந்து என்று வைத்ததிலேதான் அவர்களுடைய அனுபவம் தெரிகிறது. வறண்ட ஆண்டில் பதினைந்து அங்குலம் இறைத்தவர், மழை நன்றாகப் பெய்த ஆண்டில் ஏழோ எட்டோ இறைத்து ஈடு செய்துகொள்ளலாம். கிணறுதோறும் அளவி உண்டு. ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும்.

முடிவில் அவர்கள் இறைத்தது அனுமதித்த அளவுக்கும் குறைவாகவே இருந்தது. நீர்மட்டம் தாழும் வேகம் நன்கு தணிந்தது. கான்ஸாஸ் ராஜ்யப் பல்கலைக் கழகத்தார் எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள பண்ணைகளின் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். உள்ளே மக்காச்சோள மகசூல் சிறிது குறைந்திருந்தும், இறைப்புச் செலவும் உரச் செலவும் குறைந்தமையால் கையில் நின்ற பணம் குறையவில்லை. சிலர் மக்காச்சோளத்தில் ஒரு பகுதியை விட்டுச் சோளத்திற்கும் கோதுமைக்கும் திரும்பினர். பெரும்பாலோர் பயிரை மாற்றாமல், ஈரம் உள்ளதா என்று மண்ணைச் சோதித்தபின் இயந்திரத்தை ஓட்டும் வழக்கத்தையே புதிதாகக் கொண்டனர். முன்னர் அண்டை வயலில் குழாய் சுற்றுவதைக் கண்டால் தம்முடையதையும் ஓட்டிவிடுவது வழக்கமாயிருந்தது.

ஒகல்லாலா முற்றிலும் மீண்டுவிட்டது என்று இதனால் சொல்ல இயலாது. ஊறுவதைவிட இறைப்பது அங்கே இன்னும் மிகுதிதான். நாட்கள் நீண்டிருக்கின்றன, அவ்வளவே. முதல் ஐந்தாண்டு முடிந்ததும் 2018இல் அவ்வேற்பாட்டை மேலும் ஐந்தாண்டுகளுக்கும், அது முடிந்ததும் 2023இல் மீண்டும் ஐந்தாண்டுகளுக்கும் நீட்டித்துக்கொண்டார்கள். வடமேற்குக் கான்ஸாஸில் நீர் விரைவாகக் குறையும் ஏனைய பகுதிகளுக்கும் 2018 முதல் இதுபோன்ற கட்டுப்பாடு வந்தது.

பழக்கமில்லாதவர் அவ்வட்டாரத்தை வானிலிருந்து நோக்கினால், ஏற்பாட்டுக்கு உட்பட்ட நிலம் எது, உட்படாத நிலம் எது என்று பிரித்தறிய மாட்டார். எல்லையின் இருபுறமும் அதே மைல் சாலைகள், அதே சதுரங்கள், அதே வட்டங்கள்.